டியூஸ் வானும் அந்த இரண்டாவது வேலையும்

2023 ஏப்ரல் 29, சனிக்கிழமை. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் கடைசி நாள். டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் தேர்வு அறையில் கிரிஸ் வான் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோடுவதுதான் அவருக்கு உத்தியோகம். ஆறாவது சுற்று, 212-ஆவது தேர்வு. அணி எடுக்கப்போவது அவருடைய சொந்த மகனை. மகனைப் பற்றிய பேச்சில் தலையிடாமல் அவர் ஒதுங்கியே இருந்தார். முடிவு மற்றவர்கள் எடுத்தது. போனை அவர் கையில் கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் என்னோடு வேலைக்கு வருகிறாயா என்று மகனிடம் கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

மகனுக்கும் அப்பாவின் பெயரேதான். இரண்டாவது ஆள் என்பதால் டியூஸ். கல்லூரிக் கால்பந்தில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பிடித்த ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். அப்படிப்பட்டவர் 211 பேர் போன பிறகுதான் எடுக்கப்பட்டார். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. உயரம் 5 அடி 5 அங்குலம், அதாவது 165 செ.மீ. எடை 179 பவுண்டு, சுமார் 81 கிலோ.

எடுக்கப்பட்டு இரண்டே சீசன்கள் முடிந்த நிலையில், 2025 ஆகஸ்டில் கௌபாய்ஸ் அவரை விடுவித்தது. உருவத்தில் சிறிய ரன்னிங் பேக்குக்குத் தொழில்முறை ஆட்டத்தில் என்ன எதிர்காலம் என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒரு பையனை வைத்துக் கிளம்பும். அதற்கு இவரைவிடத் தெளிவான உதாரணம் சமீபத்தில் கிடையாது. "குள்ளம், அதனால் முடியவில்லை" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

கல்லூரியில் நடந்தது

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் ஒன்று வீசுவார், இல்லையென்றால் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் வயிற்றுப் பக்கம் திணிப்பார். வாங்கியவர் ஓட வேண்டும். தூரத்தை யார்டில் கணக்கிடுவார்கள், எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். முன்னால் ஐந்து பேர் சுவர் போல நின்று எதிரணியைத் தள்ளி வழி திறப்பார்கள். திறக்கும் இடைவெளி ஒரு கதவு அகலம்கூட இருக்காது, ஒரு விநாடிகூட நிலைக்காது.

டியூஸ் டெக்சஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்திலுள்ள ரவுண்ட் ராக்கில் செடார் ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளிக்காக ஆடியவர். வீட்டு வாசலிலேயே இருந்த டெக்சஸ் பல்கலைக்கு அவர் போகவில்லை. கேன்சஸ் ஸ்டேட்டுக்குப் போனார். பயிற்சியாளர் கிரிஸ் கிளைமன் முதல் ஆண்டே, 2020-இல், அவரைக் களத்தில் இறக்கினார். 2021-இல் 235 ஓட்டங்களில் 1,404 யார்டு, 18 டச்டவுன். அதோடு 49 பந்துகளைப் பிடித்து 468 யார்டு. 2022-இல் 293 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 1,558 யார்டு. அந்த ஆண்டு பிக் 12 என்ற கல்லூரி லீகின் இறுதிப் போட்டியில் டிசியு பல்கலையை 31-28 என்று கூடுதல் நேரத்தில் வென்றபோது அவர் ஓடியது 130 யார்டு. இவ்வளவு சின்ன உடம்பு அடி தாங்குமா என்று கேட்டவர்களுக்கு 293 என்ற எண்தான் பதில். அத்தனை முறையும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் வந்து விழுந்திருக்கிறார்கள், அவர் எழுந்து அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக நின்றார்.

ஒரே ஓட்டத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2022 டிசம்பர் 31, நியூ ஆர்லியன்ஸ், சுகர் போல் என்ற கல்லூரிக் கோப்பை ஆட்டம். எதிரில் அலபாமா. கேன்சஸ் ஸ்டேட் தன் கடைசிக் கோட்டிலிருந்து வெறும் 12 யார்டு தள்ளி நிற்கிறது. பந்து டியூஸ் கைக்கு வருகிறது. முன்னால் நிற்பவர்களில் ஒருவர் கூப்பர் பீபி, சுமார் 145 கிலோ. அவருடைய முதுகுக்குப் பின்னால் 165 செ.மீ. மனிதர் குனிந்து ஓடினால் எதிர்ப்பக்கத்தில் சற்றுப் பின்னால் நின்று மடக்கும் லைன்பேக்கருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பந்து எந்தப் பக்கம் போகிறது என்று புரிவதற்குள் டியூஸ் இடைவெளியைக் கடந்துவிட்டார். மீதி நேர் ஓட்டம். 88 யார்டு, டச்டவுன். ஆட்டத்தில் அலபாமா 45-20 என்று ஜெயித்துவிட்டது, அது வேறு. அலபாமாவின் தற்காப்பு ஏறக்குறைய தொழில்முறைத் தரம். அதற்கு எதிராக இது நடந்தது என்பதைத்தான் அன்று எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

ஆக, குள்ளம் இந்த ஆட்டத்தில் வெறும் குறை கிடையாது. ஒளிய முடிகிறது. தோள் தாழ்ந்திருப்பதால் மோதலில் அடிப்பக்கம் கிடைக்கிறது. திசை மாற்ற ஒரு எட்டு குறைவாக எடுத்தால் போதும். இதை மறுக்கும் தேர்வாளர் யாரும் இல்லை.

உயரம் வேறு, எடை வேறு

இங்கேதான் பேச்சு வழக்கமாகக் குழம்பும். "சின்ன ஆள்" என்று சொல்லும்போது இரண்டு அளவுகளை ஒன்றாகப் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

மாரிஸ் ஜோன்ஸ்-டுரூவை எடுத்துக்கொள்ளுங்கள். யுசிஎல்ஏ ஆட்டக்காரர், 5 அடி 7 அங்குலம். 2006-இல் ஜாக்சன்வில் அணி இரண்டாம் சுற்றில் 60-ஆவதாக எடுத்தது. முதல் சுற்றில் 32 அணிகளும் தன்னைத் தாண்டிப் போனதை மறக்கக் கூடாது என்று 32-ஆம் எண் சட்டையையே போட்டுக்கொண்டார். 2011-இல் 1,606 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம். ஆனால் அவர் எடை 200 பவுண்டுக்கு மேல். டியூஸைவிட 2 அங்குலம்தான் உயரம், எடையோ 12 கிலோவுக்குக் குறையாமல் அதிகம். அவரைக் குட்டையானவர் என்று சொல்லலாம், சிறியவர் என்று சொல்ல முடியாது.

2007 நவம்பரில் ஜாக்சன்வில், சான் டியேகோ ஆட்டத்தில் ஒரு காட்சி. ஷான் மெரிமன் என்ற லைன்பேக்கர், 6 அடி 4 அங்குலம், அந்தக் காலத்தில் குவார்ட்டர்பேக்குகளின் தூக்கத்தைக் கெடுத்தவர், வேகம் பிடித்துப் பாய்ந்து வருகிறார். ஜோன்ஸ்-டுரூ நின்ற இடத்திலிருந்து முன்னே ஓர் எட்டு வைத்து, தோளைத் தாழ்த்தி, நெஞ்சில் மோதினார். மெரிமன் மல்லாந்து விழுந்தார்.

இந்தக் காட்சியை இங்கே கொண்டுவரக் காரணம் உண்டு. பந்தை வீசும் ஆட்டத்தில் ரன்னிங் பேக்கின் முதல் கடமை, பாய்ந்து வருகிறவரிடமிருந்து குவார்ட்டர்பேக்கைக் காப்பது. எதிரணி வழக்கத்தைவிட ஓர் ஆளைக் கூடுதலாக அனுப்பினால் அதற்கு பிளிட்ஸ் என்று பெயர். அந்தக் கூடுதல் ஆள் உங்கள் பொறுப்பு. கல்லூரியில் டியூஸ் போன்ற ஒரு நட்சத்திரத்தைப் பெரும்பாலும் பந்து பிடிக்க வெளியே ஓடவிடுவார்கள். தொழில்முறை ஆட்டத்தில் மூன்றாவது முயற்சிக்கு, அதாவது பெரும்பாலும் பந்தை வீசும் கட்டத்துக்கு, எந்த அணியும் தடுக்கத் தெரியாதவரை நம்பி இறக்காது, ஏனென்றால் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் சம்பளம் ஆண்டுக்குப் பல கோடி டாலர். 110 கிலோ ஆள் பாய்ந்து வரும்போது 81 கிலோ ஆள் நுட்பத்தால் சமாளிக்கலாம், மன உறுதியால் சமாளிக்கலாம், சில சமயம் காலில் விழுந்து தடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முடியாது. எதிரணிக்கு அது தெரிந்தால் அங்கேயே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

டியூஸின் பந்து பிடிக்கும் திறமை அற்புதமானது. கல்லூரியின் மூன்று ஆண்டுகளில் 116 பிடிப்புகள். அதைப் பயன்படுத்த முதலில் களத்தில் நிற்க வேண்டும், களத்தில் நிற்கத் தடுக்கத் தெரிய வேண்டும். கதவு அங்கேயே பாதி சாத்திக்கொண்டது.

அதே கல்லூரி, இன்னொரு குள்ளர்

டியூஸ் பெயரைச் சொன்னதும் எல்லோரும் டேரன் ஸ்ப்ரோல்ஸ் பெயரைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒப்பீடு கையில் வந்து விழுகிறது: அதே கேன்சஸ் ஸ்டேட், 5 அடி 6 அங்குலம், பந்து பிடிக்கத் தெரிந்த ஓட்டக்காரர். ஸ்ப்ரோல்ஸ் 2003-இல் 1,986 யார்டு ஓடினார். அந்த ஆண்டு பிக் 12 இறுதியில் நாட்டின் முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை 35-7 என்று புரட்டிப் போட்டபோது அவர் ஓட்டம் 235 யார்டு. 2005-இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் நான்காம் சுற்றில் 130-ஆவதாக எடுத்தது. 2019 வரை ஆடினார். ஓட்டம், பிடிப்பு, உதைத்த பந்தைத் திருப்பி ஓடியது எல்லாம் சேர்த்து 19,696 யார்டு. ஓய்வு பெற்றபோது அந்தக் கணக்கில் லீக் வரலாற்றிலேயே ஐந்தாவது இடம்.

இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிட்டதுதான் எங்கள் தவறு. அதில் ரன்னிங் பேக்காகப் பந்தை வாங்கி ஓடியது 3,552 யார்டு மட்டும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடியது 11,000 யார்டுக்கு மேல்.

அவருடைய முதல் சீசனைப் பாருங்கள். முன்னால் லடேனியன் டாம்லின்சன், லீகிலேயே தலைசிறந்த ரன்னிங் பேக். அவருக்கு அடுத்து மைக்கேல் டர்னர். மூன்றாவது ஆளான ஸ்ப்ரோல்ஸுக்கு அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த ஓட்டங்கள் 8. எட்டே எட்டு. அப்படியென்றால் ஏன் அவரை ஒவ்வொரு வாரமும் சட்டை போட்டு இறக்கினார்கள்? ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் கிக்ஆஃபையும், பந்தை விட்டுக்கொடுக்கும்போது உதைக்கும் பன்டையும் பிடித்துத் திரும்ப ஓட அவர் வேண்டியிருந்தார். அந்த வேலை அவரைக் களத்தில் வைத்திருந்தது. அடுத்த ஆண்டு கணுக்கால் எலும்பு முறிந்து ஒரு சீசன் முழுக்கப் போனபோதும் அணி அவரை விடாமல் வைத்திருந்தது. தடுக்கவும், திட்டத்தைப் படிக்கவும், தொழில்முறை வேகத்துக்குக் கண்ணைப் பழக்கவும் அவருக்கு நேரம் கிடைத்தது.

அப்புறம் 2009 ஜனவரி 3. டாம்லின்சனுக்குத் தொடை இடுக்கில் காயம். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டம் ஸ்ப்ரோல்ஸ் தோளில் ஏறியது. எல்லா வகையிலும் சேர்த்து 328 யார்டு. கூடுதல் நேரத்தில் 22 யார்டு ஓடி வெற்றி டச்டவுனும் அவர்தான். சில வாரங்களில் அணி அவருக்கு ஃபிரான்சைஸ் டேக் போட்டது. முதன்மை ஆட்டக்காரர்களைப் பிடித்துவைக்கப் போடும் அந்த முத்திரை, அணியின் இரண்டாவது ரன்னிங் பேக்குக்கு!

2011-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போனார். பயிற்சியாளர் ஷான் பேட்டன் அவரை எதற்குக் கூப்பிட்டார் என்பது முதல் ஆட்டத்திலிருந்தே தெரிந்தது. அந்த சீசனில் 87 ஓட்டங்களில் 603 யார்டு, 86 பிடிப்புகளில் 710 யார்டு, திரும்ப ஓடியதில் 1,383 யார்டு. மொத்தம் 2,696, ஒரே சீசனில் லீக் சாதனை. அந்தச் சாதனை ஆண்டில்கூடப் பாதிக்கு மேல் வந்தது திரும்ப ஓடியதில்தான். பதினைந்து ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் எந்த ஒரு சீசனிலும் அவர் 100 முறை பந்தை வாங்கி ஓடியதில்லை. சிறிய ரன்னிங் பேக்குகளின் வெற்றிக் கதை என்று நாம் கொண்டாடுவது, சரியாகப் பார்த்தால், தேவைப்படும்போது ரன்னிங் பேக்காகவும் ஆடிய ஒரு மகத்தான ரிட்டர்னரின், அதாவது உதைத்த பந்தைத் திருப்பி ஓடுகிறவரின், கதை.

டியூஸ் கல்லூரியில் இந்த வேலையைச் செய்யவில்லை. கேன்சஸ் ஸ்டேட்டில் கிக்ஆஃபுக்கு மாலிக் நோல்ஸ் இருந்தார், பன்டுக்கு ஃபிலிப் புரூக்ஸ் இருந்தார். ஆட்டத்துக்கு இருபது முறைக்கு மேல் பந்தைத் தூக்கி ஓடும் ஆளைப் பன்ட் பிடிக்கவும் நிறுத்தி அடி வாங்கவைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. கிளைமன் செய்தது கல்லூரிக்குச் சரி. ஆனால் டியூஸ் நட்சத்திரமாக இருந்ததாலேயே, தொழில்முறையில் அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே வேலையைப் பழகும் வாய்ப்பு கிடைக்காமல் போனது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

கௌபாய்ஸில் தொடக்கம் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஜாக்சன்வில்லுக்கு எதிரான முதல் பயிற்சி ஆட்டத்திலேயே 26 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அரங்கமே எழுந்து நின்றது போல ஒரு சத்தம். அடுத்த வாரம் சியாட்டிலில் இன்னொரு டச்டவுன். நம்பிக்கை வானத்துக்குப் போனது.

உண்மையான சீசன் தொடங்கியதும் எண்கள் மாறின: 23 ஓட்டங்கள், 40 யார்டு. ஓட்டத்துக்கு 2 யார்டுகூட இல்லை. கல்லூரியில் 5, 6 என்று சராசரி வைத்திருந்தவருக்கு ஏன் இப்படி?

ஒரு காரணத்தைக் களத்திலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பந்து, களத்தின் நீளவாக்கில் போட்டிருக்கும் இரண்டு சிறுகோட்டு வரிசைகளுக்கு நடுவிலிருந்துதான் ஆட்டத்துக்கு வரும். கல்லூரிக் களத்தில் அந்த வரிசைகளுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு பக்கம் ஒதுங்கித் தொடங்கினால் மறுபக்கம் பெரிய மைதானமே காலியாகக் கிடக்கும். வேகமாகத் திசை மாற்றுகிறவருக்கு அது விருந்து. தொழில்முறையில் பந்து எப்போதும் நடுவுக்கு அருகே. காலி இடம் இரண்டு பக்கமும் சமமாகப் பங்குபோடப்பட்டு, அதை மூடுகிறவர்களும் இரட்டை வேகத்தில் மூடுகிறார்கள். டியூஸ் இடைவெளிக்காகக் காத்து நிற்பது கல்லூரியில் அழகாக இருந்தது. இங்கே அந்தக் காத்திருப்புக்குள் இடைவெளி மூடிக்கொண்டது.

இன்னொன்று, பட்டியல் கணக்கு. அணியில் 53 பேர், ஆட்ட நாளில் சட்டை போடுவது அதிகபட்சம் 48. டோனி பொலார்ட் முதல் ரன்னிங் பேக், ரிக்கோ டௌடில் இரண்டாவது. மூன்றாவது ஆளை இறக்க வேண்டுமென்றால் உதை ஆட்டங்களில் அவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்: திரும்ப ஓடுவது, அல்லது எதிரணியின் ரிட்டர்னரை விரட்டிப் போய் விழவைப்பது. விழவைக்க 81 கிலோவை யாரும் அனுப்ப மாட்டார்கள். திரும்ப ஓட அங்கே ஏற்கனவே ஒருவர் இருந்தார். கவோன்டே டர்பின், 2022-இல் வந்தவர். முதல் ஆண்டே புரோ போல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. எடை 153 பவுண்டு, 70 கிலோகூட இல்லை. டியூஸையும்விட மெலிந்தவர். போதாக்குறைக்கு 2023-இல் கிக்ஆஃபுகளில் பெரும்பாலானவை யாரும் ஓடாமலே முடிந்தன. 2024-இல் விதியை மாற்றிய பிறகுதான் அந்த ஆட்டத்துக்கு உயிர் திரும்பியது, அப்போதும் அது டர்பின் கையில்தான். 2024-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் ரிட்டர்னர் இடம் அவருக்குத்தான்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார்கள். டியூஸிடம் காரம் குறைவு என்று யார் சொன்னது? அந்தச் சமையலறையில் தாளிக்க ஏற்கனவே கடுகு இருந்தது, அவ்வளவுதான்.

2024-இல் 17 ஓட்டங்கள், 70 யார்டு. சராசரி நன்றாக ஏறியது, வாய்ப்பு ஏறவில்லை.

2023 வசந்தத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்

டிராஃப்டுக்கு முன் டியூஸை எடைபோட்டு எழுதிய அறிக்கையில் நான்காம் சுற்று மதிப்பு என்றே நான் நம்பினேன். ஸ்ப்ரோல்ஸ் போன அதே சுற்று. அது தவறு, அணிகள் ஆறாம் சுற்றுவரை காத்திருந்தது உயரத்தின் மேலுள்ள பாரபட்சம் என்று நினைத்ததும் தவறு. இன்று அந்த அறிக்கையைத் திருப்பி எழுதினால் உயரத்தைப் பற்றி ஒரே வாக்கியம்தான் எழுதுவேன். எடையைப் பற்றி ஒரு பத்தி. ஸ்ப்ரோல்ஸ் 187 பவுண்டு இருந்தார். 8 பவுண்டு வித்தியாசம் கேட்கச் சின்னது, 81 கிலோ ஆளுக்கு அது ஐந்து சதவீதம். மீதிப் பக்கங்கள் முழுவதும் ஒரே கேள்வி: முதல் ஆண்டு எட்டு ஓட்டங்கள்தான் கிடைக்கும் என்றால், மற்ற நேரத்தில் இவர் என்ன செய்வார்?

பதில் தெரிந்த சிறிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். டேனி வுட்ஹெட், நெப்ராஸ்காவின் சாட்ரன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி, 5 அடி 8 அங்குலம். 2008 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. தடுக்கவும் பிடிக்கவும் தெரிந்ததால் நிலைத்தார். 2015-இல் சார்ஜர்ஸுக்காக 80 பந்துகளைப் பிடித்தார். டரிக் கோஹன், 5 அடி 6 அங்குலம், 2017-இல் சிகாகோ பேர்ஸ் நான்காம் சுற்றில் எடுத்தது. அடுத்த ஆண்டே லீகின் சிறந்த பன்ட் ரிட்டர்னர். 2020-இல் முழங்கால் காயம் அவர் பாதையை முறித்தது, உருவம் அல்ல.

டியூஸுக்கு எந்த அணி பொருந்தியிருக்கும்? ரிட்டர்னர் இடம் காலியாக இருந்து, ஒரு வருடம் பொறுமையாகப் பன்ட் பிடிக்கக் கற்றுக்கொடுக்கத் தயாரான அணி. டல்லாஸ் மனதுக்குப் பிடித்த இடம். அப்பா இருக்கும் இடம். 2024-இல் கூப்பர் பீபியும் அங்கேயே வந்து சேர்ந்தார். ஆனால் வேலை காலியாக இல்லாத இடம்.

2025 ஜனவரியில் பிரையன் ஷாட்டன்ஹைமர் கௌபாய்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்ப்ரோல்ஸை எடுத்து, எட்டு ஓட்டங்களோடு ஒரு சீசன் முழுக்க ரிட்டர்னராக வளர்த்த சான் டியேகோ அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் மார்ட்டி ஷாட்டன்ஹைமர், பிரையனின் அப்பா. மகனின் அணி ஜவோன்டே வில்லியம்ஸையும் மைல்ஸ் சாண்டர்ஸையும் வெளியிலிருந்து கொண்டுவந்தது, டிராஃப்டிலும் ரன்னிங் பேக்குகளை எடுத்தது. ஆகஸ்ட் கடைசி வாரம் 53 பேர் பட்டியல் இறுதியானபோது டியூஸ் வான் பெயர் அதில் இல்லை. 153 பவுண்டு டர்பினின் பெயர் இருந்தது.